நூரியின் காலில் கறுப்புச் சேறு

போர் தொடங்கிய மறுவருஷம், பருத்தி பறித்து முடிகிற மாதத்தில், மேற்கேயிருந்து வந்த ரயில்கள் தாஷ்கண்ட் நிலையத்தில் குழந்தைகளை இறக்கிவிட்டபடியே இருந்தன. அப்பாவை இழந்தவர்கள், அம்மாவை இழந்தவர்கள், இருவரும் எங்கே என்று தெரியாதவர்கள், குண்டுச் சத்தத்தில் தன் பெயரே மறந்துபோனவர்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள், நகரத்துக்குப் பருத்தி ஏற்றிப்போன மாட்டுவண்டிகள் பருத்தியை இறக்கிவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பின. பெஷ்தெராக் என்ற ஊருக்கு வந்த வண்டியில் பதினோரு குழந்தைகள் இருந்தார்கள். ஊரார் வண்டியைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் எத்தனை பிடி மாவு இருக்கிறது என்று யோசித்துவிட்டு யாரும் வரவில்லை. யோசித்திருந்தால் ஒருத்தர்கூட வந்திருக்க முடியாது. கடைசியில் வண்டியின் மூலையில், காலிச் சாக்குக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை மட்டும் மிச்சமிருந்தது. ஆறு வயதிருக்கலாம், ஏழும் இருக்கலாம். அவளை ஹோசியத் தூக்கிக்கொண்டாள்.

ஹோசியத்துக்கு நாற்பது வயது. கணவர் நார்முராத் அந்த ஊரின் மீராப். மீராப் என்றால் வாய்க்கால்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்பார்களே, அவர்தான். வெயிலும் மணலும் சேர்ந்து ஊரைத் தின்றுவிடாமல் இருப்பது தன் மண்வெட்டியால்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு, அது உண்மையும்கூட. எந்த வாய்க்காலின் சேற்றையும் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்து பார்த்து, இது இன்னாருடைய மடை என்று சொல்லிவிடுவார், ஒருநாளும் தப்பியதில்லை. அவர்களுக்கு எர்காஷ் என்று ஒரே மகன். பத்தொன்பது வயதில், பனி உருகுவதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போய்விட்டான்.

பட்டாளத்துக்குப் போகிறவன் அந்த ஊரில் வாசல் இறங்குமுன் அம்மா சுட்ட ரொட்டியில் ஒரு வாய் கடிப்பான். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். கடித்தவன் திரும்பி வந்துதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அதுவரை ரொட்டி காத்திருக்கும், அவன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் அவனை வீட்டுப் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த வருஷம் பெஷ்தெராக்கில் ரொட்டி தொங்காத சுவரே இல்லை. காய்ந்த மல்பெரிப் பழத்தை மென்று தண்ணீர் குடித்துவிட்டுப் பசியோடு படுக்கிறவர்கள்கூட, தலைக்குமேல் தொங்கும் முழு ரொட்டியை உணவென்று நினைத்துப் பார்த்ததில்லை.

இதெல்லாம் வண்டியில் வந்த குழந்தைக்கு எப்படித் தெரியும். அவளைக் குளிப்பாட்ட ஹோசியத் முற்றத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் குழந்தை தகரப்பெட்டி மேல் ஏறி, துணியை அவிழ்த்து, எட்டு மாதம் காய்ந்து ஓடாகிப்போன ரொட்டியைக் கெண்டியிலிருந்த தண்ணீரில் நனைத்து நனைத்து, எர்காஷ் கடித்த இடத்திலிருந்து தொடங்கி முழுவதையும் தின்றுவிட்டாள். தின்றுவிட்டுத் துணியை அழகாக மடித்தும் வைத்தாள். உள்ளே வந்த ஹோசியத் ஆணியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், கை தானாக ஓங்கிவிட்டது. ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தன் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"பசிச்ச குழந்தை ரொட்டியத் தின்னிருக்கு," என்றார் மீராப், சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு. "இதுல என்ன இருக்கு, எர்காஷ் அம்மா."

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஹோசியத். "நான் ஏதாவது சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஆனால் அவள் அன்று சாப்பிடவில்லை, அவரும் விளக்கு வைத்த பிறகும் வாய்க்கால் கரையைவிட்டு வீட்டுக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் அந்த வெறும் ஆணியைப் பார்த்தாக வேண்டுமே.

மறுநாள் காலை குழந்தையின் கால்கள் இரண்டும் கணுக்கால்வரை சேறாக இருந்தன. அவள் படுக்கையைவிட்டு இறங்கவே இல்லை, மழையும் பெய்யவில்லை, அந்த மாதத்தில் அந்த ஊரில் மழை பெய்யவும் பெய்யாது. ஹோசியத் கழுவிவிட்டாள். மத்தியானம் மறுபடியும் சேறு. மீராப் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து முகர்ந்தார். கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது நம்ம மண் இல்ல," என்றார். "நம்ம ஜில்லாவுலயே இல்ல. இவ்வளவு கொழுத்த மண்ண நான் தொட்டதே இல்ல."

ஹோசியத் அந்தக் காலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேறு பாதத்தின் வெளிவிளிம்பில் கனமாகவும் உள்பக்கம் லேசாகவும் அப்பியிருந்தது. எர்காஷ் சின்னவனாக இருந்தபோது அவனுடைய செருப்புகள் எல்லாம் வெளிப்பக்கம்தான் தேயும். நேராக நட, நேராக நட என்று பத்து வருஷம் திட்டியிருக்கிறாள். மகன் எங்கேயோ சேற்றில் நடந்துகொண்டிருக்கிறான், உயிரோடு நடந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அந்தச் சேற்றுக் காலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ரொட்டியைத் தின்றவள் வயிற்றில் அவன் பாதை இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் அந்த ஊரில் யாரும் காரணம் தேடவில்லை, தேடுவதற்கு யாருக்கும் நேரமும் இல்லை.

குழந்தையின் கழுத்தில் தொங்கிய அட்டையில் நியூரா என்ற பெயர் மட்டும் மழையில் கரையாமல் தப்பியிருந்தது. ஊர் வாயில் அவள் நூரி ஆனாள். விஷயம் மஹல்லாவின் தெருக்கள் முழுக்கப் பரவியதும் பெண்கள் காலையில் தந்தூர் அடுப்புக்கு நெருப்பு வாங்க வருகிற சாக்கில் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாளைக்கு என்ன வரும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தால் நேற்று கூரைக்கடியில் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம், சந்தோஷப்பட்டார்கள். பாதம் நீலம் பாரித்திருந்தால் ஆற்றைக் கடந்திருக்கிறான், உச்சுக்கொட்டினார்கள். தபால்காரர் வந்து போவது மாதத்துக்கு ஒரு முறை. நூரியின் கால்கள் தினமும் பேசின. கழுவி ஊற்றிய சேற்றை மீராப் வீணாக்கவில்லை, தோட்ட மூலையில் ஒரு பாத்தியாகச் சேர்த்துவைத்தார். அடுத்த வசந்தத்தில் அதில் அவருக்குப் பெயர் தெரியாத நீலப்பூச்செடி ஒன்று முளைத்தது, ஆடு தின்னாமல் இருக்க முள் வைத்து வளர்த்தார்.

கூட்டுப்பண்ணைத் தலைவருக்கு மூக்கில் வியர்த்து ஒருநாள் நேரில் வந்துவிட்டார். குதிரையைவிட்டு இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் பார்வையிட்டார். பார்த்துவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு, ஓப்பா," என்றார். ஓப்பா என்றால் அங்கே அக்கா. "ஒண்ணு, சுகாதாரம். அகதிக் குழந்தைய அழுக்கா வச்சிருக்கக் கூடாது, மேலிட உத்தரவு. இன்னொண்ணு, நம்ம படை எந்த மண்ணுல நிக்குதுன்னு கண்டவன் பாத்தா அது ராணுவ ரகசியம் வெளிய போன மாதிரி. அதனால குழந்தைக்குக் காலுறை போட்டே வைக்கணும்."

"மோசடின்னு சொல்லாம விட்டாரே," என்றார் மீராப், அவர் போன பிறகு. தலைவர் அன்று சாயங்காலமே கால்வாசிக் கட்டி சோப்பும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்பினார். அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு ரொட்டி தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

குளிர்காலம் வந்தது. அங்கே குளிர்காலத்தில் குழியில் கனல் இட்டு, மேலே தாழ்ந்த மேசை போட்டு, ரஜாய் போர்த்தி, வீட்டார் எல்லோரும் அதற்குள் காலை நீட்டி உட்காருவார்கள். நூரி காலை நீட்டினால் கனல் புஸ்ஸென்று அவிந்துவிடும், அவள் விரலிடுக்குகளில் பனி அவ்வளவு கெட்டியாக இறுகியிருக்கும். ஹோசியத் அந்தக் கால்களை மடியில் எடுத்துவைத்து, செம்மறியாட்டு வால்கொழுப்பை உருக்கி, குதிகாலிலிருந்து விரல்வரை தேய்த்துவிட்டாள். தனக்குச் சாப்பிட வைத்திருந்த கடைசிக் கொழுப்பு அது. தினமும் தேய்த்தாள். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், இரண்டு மாதமாக வாய் திறக்காத நூரி அவளை ஓயி என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கத்துக் குழந்தைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றிருக்கிறாள். ஹோசியத் ஒன்றும் நடக்காததுபோல் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஆனால் அன்று கொழுப்பு கொஞ்சம் அதிகமாகவே செலவானது.

தை மாதக் குளிர் முடிவதற்குள் எர்காஷிடமிருந்து முக்கோணமாக மடித்த கடிதம் ஒன்று வந்தது. மீராப் எழுத்துக்கூட்டிப் படித்தார். இங்கே எல்லோர் காலும் குளிரில் வெடித்து அழுகுகிறது, என் காலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, யாரோ அடுப்படியில் வைத்துத் தேய்த்துவிடுவதுபோல் இதமாக இருக்கிறது, கூட இருப்பவர்கள் என்ன மருந்து என்று கேட்கிறார்கள், என்று எழுதியிருந்தான். ஹோசியத் அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் ஒரே ஒரு முள் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நூரியால் உட்கார முடிவதில்லை. அவன் நடக்கிறபோதெல்லாம் அவள் கால்களும் நடந்தன. தூக்கத்தில்கூட ரஜாய்க்கு அடியில் அவை நடந்துகொண்டே இருந்தன. விழித்துவிட்டால் முற்றத்தில் சுற்றத் தொடங்குவாள், சுவரோரமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று, சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு சுற்று, முற்றத்தில் அவள் பாதத்தின் அகலத்துக்கு ஒரு தடமே விழுந்துவிட்டது. குழந்தைகள் என்றால் ஓடியாடத்தானே செய்யும் என்று ஹோசியத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகனுடைய செய்தி வேண்டியிருந்தது, அதனால் அந்தத் தடத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஷராஃபத்தால் அப்படி எதையும் தாண்ட முடியவில்லை. அவள் மகன் மாமத்திடமிருந்து ஒன்பது மாதமாகக் கடிதம் இல்லை. ஒருநாள் ஹோசியத் பருத்திக்களத்துக்குப் போயிருந்தபோது ஷராஃபத் தன் வீட்டுச் சுவரிலிருந்து மாமத்தின் ரொட்டியை இறக்கினாள். மாமத் கடித்த விளிம்பில் நகத்தளவு ஒடித்து, பாலில் நனைத்து, காதும் காதும் வைத்தாற்போல் நூரிக்கு ஊட்டிவிட்டாள்.

மறுநாள் நூரியின் வலது கால் வழக்கம்போல் உருகும் பனியில் நனைந்திருந்தது. இடது கால் உலர்ந்திருந்தது, அயோடின் வாடை அடித்தது, கட்டுத்துணியின் நெசவு கணுக்காலில் பதிந்திருந்தது. மாமத் எங்கோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், ஆனால் இருக்கிறான். ஷராஃபத் முற்றத்தில் முழங்காலிட்டு அந்த இடது காலை முத்தமிட்டாள். அடுத்த நாலு நாளும் நூரியின் ஒரு கால் நடக்கப் பார்த்தது, மற்றொன்று படுத்துக்கொள்ளப் பார்த்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இழுத்து இழுத்துச் சுற்றினாள், விழுந்தாள், எழுந்து சுற்றினாள், மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு வாய் பிதற்றினாள். ஒரு நகத்தளவு ரொட்டி நாலு நாள்தான் தாங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு கால்களும் மறுபடி எர்காஷ் பக்கமே போய்விட்டன, காய்ச்சலும் இறங்கியது.

இதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆறாம் நாள் காலை ஹோசியத் கதவைத் திறந்தபோது தெருவில் பெண்கள் நின்றார்கள். முப்பது பேர், நாற்பது பேர், ஒவ்வொருத்தி கையிலும் துணியில் சுற்றிய ரொட்டி. யாரும் சத்தம் போடவில்லை. பிச்சை கேட்கிறவர்களுக்குரிய கூச்சம் அவர்கள் முகத்தில் இருந்தது, அதுதான் ஹோசியத்துக்குத் தாங்கவில்லை.

"ஒரு துணுக்குதான், ஓப்பா," என்றாள் முன்னால் நின்றவள். "என் மகனுக்கு ஒரு நாள் போதும். இருக்கானா இல்லையான்னு மட்டும்."

"குழந்தைக்கு முடியாதும்மா. ரெண்டு பேருக்கே காய்ச்சல்ல விழுந்துட்டா."

"உன் மகன் சேதி மட்டும் தினம் வேணும்," என்றாள் ஷராஃபத். ஏற்கனவே சேதி கிடைத்தவள்தான் இதைக் கேட்டாள்; நாலு நாள் செய்தி பசியைக் கூட்டிவிட்டிருந்தது. "அதுக்கு மட்டும் அந்தக் குழந்தை நடக்கலாமா? நாள் முழுக்க முற்றத்துல அது சுத்தற சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?"

ஹோசியத்துக்கு ஷராஃபத்திடம் கோபம் வந்தது, அவள் சொன்னது அத்தனையும் சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. பின்னால் முற்றத்தில் நூரி நடக்கும் சத்தம் கேட்டது. தெருவில் அத்தனை அம்மாக்கள் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தின்னுட்டத என்னால வெளிய எடுக்க முடியாது," என்றாள் கடைசியில். "ஆனா இனிமே நானும் பாக்க மாட்டேன். காலுறைய அவளே போட்டுக்கட்டும், அவளே கழுவிக்கட்டும். உங்களுக்குத் தெரியாதது எனக்கும் தெரிய வேண்டாம். இந்தக் குழந்தைக்கு யாரும் ரொட்டி குடுக்காதீங்க."

அவர்கள் உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள், ஒருத்தி அழுதாள், ஒருத்தி ஹோசியத்தைச் சபித்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போய் ரொட்டியை அதே ஆணியில் மாட்டினார்கள்.

ஹோசியத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நூரி கால் கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? முற்றத்தில் நடைச்சத்தம் கேட்டவரை அவளுக்கு உயிர் இருந்தது. சத்தம் வேகமானால் அவளும் வேகமாக மாவு பிசைந்தாள், சத்தம் மெதுவானால் கையை நிறுத்திக் காத்திருந்தாள். பனி உருகியது, பாதாம் பூத்து உதிர்ந்தது, மீராப் மடைகளைத் திறந்தார், அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை.

மல்பெரிப் பழம் விழத் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் காலை ஹோசியத் தந்தூருக்குள் கையை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தாள். நூரி தன் தடத்தின் நடுவே நின்று காலுறையோடு இருந்த கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கால்களை முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள், அவை அவள் சொன்னபடி கேட்டன, அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் ஹோசியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

நூரி எழுந்தாள். சுவரோரமாக நடக்கத் தொடங்கினாள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஹோசியத் மூச்சை விட்டாள். கொஞ்ச நேரம் களைத்து உட்கார்ந்திருக்கிறான், நடக்கிறவன் உட்காரக் கூடாதா என்ன, என்று நினைத்துக்கொண்டாள். அடுப்பில் ஒட்டிய ரொட்டி கருகிப்போயிருந்தது.

மறுநாளிலிருந்து நூரி தானாகவே காலுறையைக் கழற்றிக் காட்டத் தொடங்கினாள். "ஓயி, பாரு," என்று மடிக்கு நேராகக் காலை நீட்டுவாள். பார்ப்பதில்லை என்று ஊரறியச் சொன்னவள் ஹோசியத். முகத்தைத் திருப்பினாள், ஆனால் கண் போய்விட்டது. கறுப்புச் சேறு, வெளிவிளிம்பில் கனமாக, உள்பக்கம் லேசாக. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மீராப்பைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார், முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். நூரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்," என்றார். "தூரத்து மண்ணுதான்."

முப்பது வருஷத் தொழிலில் சேற்றைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர் வயல்வெளிக்கு அப்பால், யாரும் இல்லாத தலைமடையில் உட்கார்ந்து, தண்ணீர் சத்தத்தில் தன் சத்தம் கேட்காது என்ற தைரியத்தில் அழுதார். அன்றிலிருந்து அவர் மனைவியிடம் அதிகம் பேசவில்லை. பேசினால் வாய் தவறிவிடுமோ என்று பயந்தார்.

பதினேழு நாள் இப்படிப் போனது. மகனைப் பற்றிய அரசாங்கத்தின் தாள் இலையுதிர்காலத்தில்தான் வரப்போகிறது, அது வரும்போது அதில் அந்த வீட்டுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கப்போவதில்லை, ஏனென்றால் பதினெட்டாம் நாள் விடிந்ததும் ஹோசியத் குடத்தை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகத் தோட்டத்துப் பக்கம் போனாள். வாய்க்கால் ஓரத்தில், மரத்தடியில், நூரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு உடைந்த சட்டியில் தந்தூரிலிருந்து வழித்த கரி. வாய்க்கால் சேற்றை அள்ளிக் கரியைக் கலந்து, நிறம் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கரி சேர்த்து, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாதத்தில் பூசிக்கொண்டிருந்தாள். வெளிவிளிம்பில் கனமாகப் பூசினாள். உள்பக்கத்தில் லேசாகத் தொட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு காலுறையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய், யாரும் பார்க்காத அந்த நேரத்திலும், நடக்கத் தொடங்கினாள்.

ஹோசியத் குடத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றாள். எர்காஷ் இல்லை. பதினேழு நாளாக இல்லை. இல்லாத அவனை இந்தக் குழந்தை தன் கால்களால் நடக்கவைத்துக்கொண்டிருக்கிறது, அவனுடைய நடையைக்கூடத் தவறாமல் கற்றுவைத்திருக்கிறது, ஓயியின் முகம் கோணக் கூடாது என்பதற்காக. மகன் போன துக்கமும் இந்தக் குழந்தைக்குத் தான் செய்தது என்ன என்ற துக்கமும் ஒன்றாகவே வந்தன, எதற்கு முதலில் அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு முற்றத்துக்குப் போனாள்.

சுற்றி வந்துகொண்டிருந்த நூரியைப் பிடித்துத் தூக்கி மடியில் உட்காரவைத்தாள். காலுறைகளைக் கழற்றினாள்.

"ஓயி, பாரு," என்றாள் அவசரமாக. "நிறைய நடந்திருக்கார்."

"ஆமா," என்றாள் ஹோசியத். "நிறையதான் நடந்துட்டான்."

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினாள். கரி கரைந்தது, சேறு கரைந்தது, உள்ளேயிருந்து இரண்டு சின்னக் கால்கள் வந்தன. விரல்நுனியில் கொப்புளம், குதிகாலில் வெடிப்பு, இத்தனை மாதம் தடவிக்கொண்டே இருந்தும் அவள் பார்க்காமல்விட்ட ஒரு குழந்தையின் கால்கள். ஹோசியத் அழுதாள். அழுவதை மறைக்கவில்லை. நூரி தப்பு செய்து மாட்டிக்கொண்ட பயத்தில் கால்களை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஹோசியத் விடவில்லை.

"நூரி, இங்க பாரு. அவன் வந்து சேந்துட்டான்."

நூரி வாசலைப் பார்த்தாள்.

"வீட்டுக்கா, ஓயி?"

"வீட்டுக்குத்தான். இனிமே நீ நடக்க வேண்டாம்."

நூரி நம்பலாமா என்று அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள், ஹோசியத் மடியிலேயே, வெயில் முற்றத்தைத் தாண்டி மத்தியானம் ஆகும்வரை. இடையில் சாப்பிட வந்த மீராப் அழுது வீங்கிய மனைவியின் கண்களையும், கழுவி வைத்திருந்த அந்த இரண்டு கால்களையும் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய், வீட்டை ஒட்டி ஓடும் வாய்க்காலின் மடைப்பலகையைப் பாதி இறக்கி, தண்ணீரைச் சத்தமில்லாமல் விட்டார்.